முதல் தமிழ்ப் புத்தகத்துக்குக் காசு கொடுத்தது யார்?

"தமிழில் அச்சான முதல் நூல் எது?" என்று கேட்டால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோரும் தூக்கத்தில் கூடப் பதில் சொல்லிவிடுவார்கள். தம்பிரான் வணக்கம், 1578. எழுதியது யார் என்று கேட்டால் பாதிப் பேர் அண்டிரிக் அடிகளார் என்பார்கள். அதற்கு மேல் கேள்வித்தாளில் இடம் இல்லை. அந்தப் புத்தகத்துக்கு முதல் போட்டது யார், யாருக்காக அச்சடித்தார்கள், ஏன் அந்த அச்சகம் கொஞ்ச வருடங்களில் நின்றுபோனது... இதெல்லாம் யாரும் கேட்பதில்லை. வணிகவியல் படிக்கிறவனுக்கு இந்தக் கேள்விகள்தான் முதலில் வரும் :-) இந்தக் கதை கொல்லத்திலோ கோவாவிலோ தொடங்கவில்லை. நம்ம தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில்தான் தொடங்குகிறது.

இன்றைக்குப் பெரிய கல்லூரிகளில் தகவல் தொடர்புக்கென்றே ஒரு அதிகாரி இருப்பார். ஆண்டறிக்கை தயாரிப்பது, செய்திமடல் போடுவது, நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது, புத்தகம் அச்சாக்குவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் கல்லூரிகளுக்கு இந்த முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து கிட்டத்தட்ட இந்த வேலை முழுவதையும் ஒரே ஆள் செய்திருக்கிறார். அப்போது அந்தப் பதவிக்குப் பெயர் இல்லை. வேலை மட்டும் இருந்தது.

யார் இந்த அண்டிரிக்?

போர்த்துக்கீசியப் பெயர் என்றிக்கே என்றீக்கஸ். போர்த்துக்கல்லில் விலா விசோசா என்ற ஊரில் 1520ல் பிறந்தவர். யூத வம்சாவளி. அந்தக் காலப் போர்த்துக்கல்லில் அது ஒரு பெரிய தடை. முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், பூர்வீகம் தெரிந்ததும் வெளியே வர வேண்டியதாகிவிட்டது. 1545ல் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. 1546ல் கோவாவுக்குக் கப்பலேறினார், அடுத்த வருடமே நம் கரைக்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது 27 இருக்கும். அதன் பிறகு 1600ல் இறக்கும் வரை இந்தப் பக்கம்தான் வாழ்க்கை. ஐம்பது வருடத்துக்கு மேல்!

அவர் வரும்போது இந்தக் கரை எப்படி இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று பரதவர்களின் ஏழு ஊர்கள். முத்துக்குளிப்பு உரிமைக்காக நடந்த சண்டைகளில் பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். 1535 முதல் 1537க்குள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதுகாப்பு ஒன்றும் இலவசம் இல்லை. முத்து வருமானத்தில் ஒரு பங்கு போர்த்துக்கீசியருக்குப் போனது. 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேரும்போது, மதம் மாறி ஐந்து வருடம் ஆகியும் பெரும்பாலான மக்களுக்குப் புது மதத்தில் ஒரு ஜெபம்கூடச் சரியாகத் தெரியாது. காரணம் ரொம்ப எளிமையானது. சொல்லிக்கொடுக்க வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

ராணியின் செருப்புக் காசு

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கரை மக்கள் வருடா வருடம் போர்த்துக்கல் ராணி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று 4000 பொற்பணம் கட்டி வந்தார்கள். ஆமாம், செருப்புக்குத்தான். வரியின் பெயரே அதுதான். கடலுக்கு அடியில் மூச்சடக்கிக் கிடந்து எடுத்த சிப்பியின் காசு, எங்கேயோ லிஸ்பனில் இருக்கும் அரசியின் காலணிக் கணக்கில் வரவாகிக் கொண்டிருந்தது.

சவேரியார் இந்தப் பணத்தைக் கேட்டு வாங்கி, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்துச் சம்பளம் கொடுத்தார். கணக்கப்பிள்ளை என்றால் இங்கே கோயில் உபதேசியார். குருவானவர் இல்லாத நாளில் ஜனங்களைக் கூட்டி ஜெபம் சொல்லித் தருபவர், பிறப்பு இறப்பைக் கவனித்துக்கொள்பவர். அதாவது இங்கிருந்து போன காசு ஒரு சுற்றுச் சுற்றி இங்கேயே சம்பளமாகத் திரும்பி வந்தது. ராணி மனசு வைத்துக் கொடுத்ததாகப் பெயர் வந்திருக்கலாம், ஆனால் முதல் யாருடையது என்று பார்த்தால் முத்துக்குளிக்கிறவனுடையது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதே மாதிரி இன்னொரு கணக்கு வரும்.

சவேரியார் சில தமிழர்களின் துணையோடு ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துதான் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு வேடிக்கை. விசுவாசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக எனக்கு வேணும் என்று ஊரே சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. தவறு தெரிந்ததும் அதைத் திருத்தச் சொல்லித் தன் உதவியாளருக்குச் சவேரியாரே கடிதம் எழுதினார். மொழி தெரியாமல் இந்த வேலை ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழ் பேசாவிட்டால் தண்டனை

அண்டிரிக் வந்ததும் முதலில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளரை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று தெரிந்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து தமிழ் படித்தார். வேர்ச்சொல், வேற்றுமை, வினை விகற்பம் என்று தானே பட்டியல் போட்டுப் படித்து, சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் குறிப்புகளை வைத்துப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் இலக்கணம் அது. அவர் காலத்தில் அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருந்தது. 1982ல் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் வெர்மேயர் அதைப் பதிப்பித்தார். 2013ல் ஜீன் ஹைனும் நம்ம தமிழறிஞர் வி.எஸ். ராஜமும் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஹார்வர்டு வரிசையில் வெளியானது.

1549ல் வேதாளையில் நடந்த தாக்குதலில் சபைத் தலைவர் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். அதன் பிறகு கரையின் பொறுப்பு முழுவதும் அண்டிரிக் கைக்கு வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்தான் தலைவர். அவர் போட்ட விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. இங்கே வேலை செய்யும் பாதிரியார்கள் தங்களுக்குள்ளேயே தமிழில்தான் பேச வேண்டும், போர்த்துக்கீசியம் பேசினால் தண்டனை! இன்றைக்கு இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் தமிழ் பேசினால் அபராதம் கட்டிய நண்பர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். 450 வருடத்துக்கு முன்னால் இதே கரையில் அபராதம் நேர் எதிர்ப் பக்கம் இருந்திருக்கிறது.

மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் அவர் ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது 1981ல்.

இதெல்லாம் அமைதியான காலத்தில் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1553ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டு அவரே சிறைபட்டார். 1560ல் போர்த்துக்கீசியர் மன்னாரைப் பிடித்து, இங்கிருந்த பரதவர்களில் ஒரு பகுதியை அங்கே குடியேற்றினார்கள். நாயக்கர் படை, கடல் கொள்ளை, போர்த்துக்கீசியத் தளபதிகளின் அதிகாரம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் இந்த இலக்கணமும் அகராதிக் குறிப்பும்.

கடிதம் என்ற ஆண்டறிக்கை

இயேசு சபைக்காரர்கள் கடிதம் எழுதுவதை ஒரு துறையாகவே வைத்திருந்தார்கள். சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா இதற்குத் தெளிவான விதி போட்டிருந்தார். முக்கியக் கடிதத்தில் நாலு பேருக்குக் காட்டக்கூடிய விஷயம் மட்டும் ஒழுங்காக எழுத வேண்டும். உள்வீட்டுச் சங்கதி, குறை, சண்டை எல்லாம் தனித் தாளில். இன்றைக்குக் கம்பெனிகளில் பங்குதாரர்களுக்கு ஒரு அறிக்கை, மேலாண்மைக்கு ஒரு அறிக்கை என்று இரண்டு போடுகிறார்களே, அதேதான்.

அண்டிரிக் இந்தக் கரையிலிருந்து கோவாவுக்கும் ரோமுக்கும் விடாமல் எழுதினார். கடிதம் கொச்சிக்கோ கோவாவுக்கோ போய், வருடத்துக்கு ஒரு முறை கிளம்பும் கப்பலில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பன் சேர ஆறு மாதம் ஆகும். பதில் வந்து சேர ஒன்றரை வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். கப்பல் மூழ்கினால் எல்லாம் போச்சு என்பதால் பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஐரோப்பாவில் அவற்றை மறுபடி பிரதி எடுத்து ஒவ்வொரு கல்லூரியிலும் வாசிப்பார்கள். புது ஆட்கள் சேர்வதும் நன்கொடை வருவதும் பெரும்பாலும் இந்தக் கடிதங்களைக் கேட்டுத்தான். வேம்பாரும் புன்னைக்காயலும் கோயம்பராவில் படித்த ஒரு மாணவனுக்குத் தெரிந்த பெயர்களாக இருந்தது இப்படித்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரு பக்கத்தின் குரல். எழுதியவர் மதம் பரப்ப வந்தவர். உள்ளூர்க் கோயில்களையும் நம்பிக்கைகளையும் அவர் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. அந்தப் பரதவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கடிதம் எழுதி அதுவும் பத்திரமாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் அன்றைய இந்தக் கரையின் சாப்பாடு, சண்டை, நோய், விலைவாசி பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இந்தக் கடிதங்களிலிருந்துதான் வருகிறது. இயேசு சபை வரலாற்றாசிரியர் ஜோசப் விக்கி 18 தொகுதிகளாகத் தொகுத்த இந்திய ஆவணங்களில் இவை அச்சாகியிருக்கின்றன.

அச்சு வேலை

இப்போது புத்தகத்துக்கு வருவோம். இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழ் மொழி முதன்முதலில் அச்சேறியது 1554 பிப்ரவரி 11ல் லிஸ்பனில். கார்த்திலா என்ற அந்த நூலில் தமிழ் இருக்கிறது, ஆனால் எழுத்து ரோமன். வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குருஸ் என்ற மூன்று தமிழர்கள் அதில் பங்கெடுத்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் 1578ன் தம்பிரான் வணக்கம். ஆக இரண்டு பதிலும் சரி. கேள்வியைச் சரியாகப் படித்தால் போதும்.

இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் 1556ல் கோவாவுக்கு வந்தது. அங்கே தூய பவுல் கல்லூரியில் வைத்தார்கள். ஆனால் அது ரோமன் எழுத்து அடிக்கிற இயந்திரம். தமிழுக்கு எழுத்து வார்க்க வேண்டுமே? 1577ல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் என்பவர் ஒரு செட் தமிழ் எழுத்து வார்த்தார். மறு வருடம் கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா இன்னொரு செட் வார்த்தார். தம்பிரான் வணக்கத்தின் கடைசிப் பக்கத்தில் இந்த இரண்டு வகை எழுத்தின் மாதிரியும், எந்த ஊர், எந்த வருடம் என்ற விவரத்தோடு இருக்கிறது. ஓலையில் எழுதுவது போலவே மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. குறில் நெடில் வித்தியாசத்தைக் கூடப் பல இடங்களில் நாமே ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

1578 அக்டோபர் 20, கொல்லம், சல்வதோர் கல்லூரி. நாள், ஊர், கல்லூரி எல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. வெறும் 16 பக்கம். அளவு 14க்கு 10 சென்டிமீட்டர், சட்டைப் பையில் வைக்கலாம். தாள் சீனாவிலிருந்து வந்தது. மூலம் ஒரு போர்த்துக்கீசிய ஞானோபதேச நூல். மொழிபெயர்த்தவர்கள் அண்டிரிக்கும் மனுவேல் தெ சான் பேத்ரோவும். 1579 நவம்பர் 14ல் கொச்சியில் மாத்ரே தெ தேவுஸ் கல்லூரியில் கிரிசித்தியானி வணக்கம், நூறு பக்கத்துக்கு மேல். 1580ல் பாவசங்கீர்த்தனத்துக்கான கொம்பெசியோனாயரு. 1586ல் புனிதர்களின் வரலாறு சொல்லும் புளோஸ் சாங்க்தோரும், 660 பக்கத்தைத் தாண்டிய பெரிய புத்தகம். எட்டு வருடத்தில் 16 பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம்!

கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். ரஷ்யாவில் தேதி போட்டு வெளியான முதல் அச்சுநூல் 1564ல்தான். இயேசு சபையின் அச்சகம் ஜப்பானுக்குப் போனது 1590ல். அச்சு எழுத்து கோத்து அடித்த இந்திய மொழிகளில் தமிழ்தான் முதல். வேறு எந்த இந்திய மொழியும் பக்கத்தில்கூட இல்லை.

இந்த நூல்களின் தமிழையும் சொல்ல வேண்டும். புலவர் தமிழ் இல்லை, கடற்கரைத் தமிழ். பரதவர் பேசுவதற்குப் பக்கத்தில் இருக்கும் உரைநடை. செய்யுள்தான் இலக்கியம் என்றிருந்த காலத்தில் 660 பக்க உரைநடை என்பது சாதாரண விஷயம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் கணக்கப்பிள்ளை உரக்க வாசிக்க ஊர் உட்கார்ந்து கேட்பதற்காக எழுதப்பட்ட தமிழ் அது. குருசு, பாதிரி மாதிரிச் சொற்கள் இன்றைக்கும் நம் கரையில் புழங்குகின்றனவே, அவையும் அந்தக் காலத்து வரவுதான்.

சரி, காசு?

அச்சகத்துக்கான பணத்தைத் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். ராஜா இல்லை, ரோம் இல்லை.

இது எப்படிப்பட்ட காசு என்று தெரிய வேண்டுமானால் முத்துக்குளிப்பு எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும். பங்குனி, சித்திரை வாக்கில் கடல் அடங்கியிருக்கும் சில வாரங்கள்தான் சீசன். தோணிகள் பாருக்குப் போகும். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துக் கடகடவென்று அடியில் இறங்குவார். ஒரு நிமிடம், கொஞ்சம் கூட. அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். சுறா பயம், காது வலி, மூச்சுத் திணறல். கொண்டுவந்த சிப்பியில் பங்கு பிரித்த பிறகுதான் தனக்கென்று கொஞ்சம். அதிலும் முத்து இருக்கிறதா இல்லையா என்பது அதிர்ஷ்டம். இதைவிடக் கஷ்டம், பாரில் சிப்பியே விளையாமல் வருடக்கணக்கில் குளிப்பு நடக்காமலும் போகும். நிலையான வருமானம் என்று எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் தங்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாத ஒரு பொருளுக்குப் பணம் போட்டிருக்கிறார்கள்.

செருப்புக் காசில் முதல் இவர்களுடையது, பெயர் ராணியுடையது. புத்தகத்தில் முதல் இவர்களுடையது, பெயர் அண்டிரிக்குடையது. அடிகளாரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் முதலீடு செய்தவன் பெயர் இல்லாமல் வரவு செலவு எழுத முடியாது என்று முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வுக் கேள்வியில் மட்டும் அந்தப் பத்தியை விட்டுவிடுகிறோம்.

ஏன் நின்றது?

1586க்குப் பிறகு தமிழ் அச்சு கிட்டத்தட்ட படுத்துவிட்டது. 1600ல் அண்டிரிக் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். 1658ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. 1679ல் அம்பலக்காட்டில் புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதி வந்தது. அப்புறம் 1713ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சகம் தொடங்கும்போது எழுத்து வார்ப்பதிலிருந்து எல்லாம் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தோன்றும் காரணம் வியாபாரக் காரணம்தான். இந்தப் புத்தகங்கள் விற்று லாபம் பார்க்க அச்சானவை இல்லை. ஒரே வாடிக்கையாளர், ஒரே எழுத்தாளர், ஒரே சமூகத்தின் நன்கொடை. போட்ட பணம் திரும்பி வந்து அடுத்த புத்தகத்துக்கு முதலாகும் வழி இல்லை. தமிழ்ப் புலவர்களும் வணிகர்களும் ஓலையை விட்டு இதற்கு வரவும் இல்லை. அந்த ஒரு ஆள் வயதானதும், கரையில் வருமானம் தடுமாறியதும், எழுத்து வார்க்கும் தொழில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. தொழில்நுட்பம் வந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றி ஒரு சந்தை உருவாக வேண்டும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் இது.

அந்த நூல்களும் நம் கையில் இல்லை. தம்பிரான் வணக்கம் ஹார்வர்டு நூலகத்தில் இருக்கிறது. புளோஸ் சாங்க்தோரும் வத்திக்கான் நூலகத்தில் இருப்பதை 1954ல் தனிநாயகம் அடிகள் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கியவர். அந்தக் கழகத்தின் வெளியீடாகவே 1967ல் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அதைப் பதிப்பித்தார். முதல் பதிப்புக்கும் அதற்கும் நடுவில் 381 வருடம்.

பெரிய முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு இந்தக் கரையில் நடக்கவில்லை. பார்கள் ஓய்ந்துவிட்டன. முத்து நகர் என்று பேருந்திலும் ரயிலிலும் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த முத்துகள் எந்த அரண்மனையில், எந்தக் கழுத்தில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அவற்றின் காசில் அடித்த 16 பக்கம் மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியும். அடுத்த தடவை யாராவது "முதல் தமிழ் நூல் எது?" என்று கேட்டால் வருடத்தோடு நிறுத்தாமல், காசு கொடுத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மதிப்பெண் கிடைக்காது, கேட்டவர் கொஞ்சம் யோசிப்பார்.